ஈரெழுத்தும் ஓரொலியும்: தொடக்கநிலை வாசிப்பில் ற்ற, ன்ற இணைகளைக் கற்பித்தல்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் எழுத்துகள் அனைத்தையும் பிழையின்றிச் சொல்லத் தெரிந்த குழந்தையும் சொற்களை வாசிக்கையில் சில இடங்களில் தடுமாறுகிறது. அவ்விடங்களுள் ற்ற, ன்ற ஆகிய மெய்ம்மயக்கங்கள் முதன்மையானவை. பிற மயக்கங்களில் இரண்டு எழுத்துகளின் ஒலிகளைக் கூட்டினால் சொல்லின் ஒலி கிடைத்துவிடும். இவ்விரண்டிலும் அவ்வாறு கிடைப்பதில்லை. ஆங்கிலத்தில் இரண்டு மெய்யெழுத்துகள் சேர்ந்து புதிய ஒரொலியைக் குறிக்கும் நிலையோடு இது ஒப்பிடத்தக்கது. இவ்விணைகளின் ஒலியியல் பின்னணி, பேச்சுவழக்கோடு இவற்றுக்குள்ள உறவு, கற்பிக்கும் வரிசை, வாசிப்புப் பிழையை வகைப்படுத்தும் முறை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மெய்ம்மயக்கம், றகரம், தொடக்கநிலை வாசிப்பு, இரட்டை வழக்கு, ஒலிப்பு, எழுத்துக்கூட்டல்.

முன்னுரை

ஆங்கிலம் 26 எழுத்துகளைக் கொண்டு ஏறத்தாழ 44 ஒலியன்களை எழுத வேண்டிய மொழி. பற்றாக்குறையை அம்மொழி இரண்டு எழுத்துகளை இணைத்து ஈடுசெய்துகொண்டது. எஸ், எச் என்னும் எழுத்துகள் அடுத்தடுத்து வந்தால் 'ஷ்' என்னும் ஒலி பிறக்கிறது. அதில் எஸ் எழுத்தின் ஒலியும் இல்லை, எச் எழுத்தின் ஒலியும் இல்லை. டி, எச் இணை குறிக்கும் பல்லொலிக்குப் பழைய ஆங்கிலத்தில் தனி எழுத்துகளே இருந்தன. அவை வழக்கொழிந்தபின் அவ்விடத்தை ஈரெழுத்து பிடித்தது. பி, எச் இணை கிரேக்கச் சொற்களின் வழியாக வந்தது. வரலாறு எதுவாயினும், ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் இவ்விணைகளைத் தனித்தனி எழுத்தாக வாசிக்க விடுவதில்லை. ஒரே அட்டையில் ஒரே ஒலிக்குரிய வடிவமாக அவற்றை அறிமுகம் செய்கிறார்.

தமிழுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பது பரவலான எண்ணம். 'எழுதுவதைப் போலவே வாசிக்கப்படும் மொழி' என்று வகுப்பறைகளில் பெருமையாகவும் சொல்லப்படுகிறது. பெரும்பாலான சொற்களுக்கு இது பொருந்தும். ஆனால் 'காற்று' என்னும் சொல்லை முதல் வகுப்புக் குழந்தை ஒன்று எழுத்துக்கூட்டி வாசிப்பதைக் கேட்டால் அந்தப் பெருமையில் ஒரு சிறு விரிசல் தெரியும். கா, இற், று என்று மூன்று எழுத்துகளையும் சரியாகச் சொல்லும் குழந்தை, அவற்றைச் சேர்க்கும்போது 'கார்ரு' என்கிறது. அப்படி ஒரு சொல் அதன் காதில் விழுந்ததே இல்லை. எழுத்துகளெல்லாம் சரி, சொல் தவறு என்னும் இந்நிலை கவனக்குறைவால் நேர்வதன்று.

மெய்ம்மயக்கமும் எழுத்து அட்டவணையும்

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள் கொண்ட அட்டவணை தமிழ் வகுப்பறையின் சுவரில் நிலையாக இடம்பெறுவது. அட்டவணை முடிந்தால் எழுத்தறிவு முடிந்தது என்னும் கணக்கு அதிலிருந்தே பிறக்கிறது. ஆனால் அட்டவணையில் ஒவ்வோர் எழுத்தும் தனக்குரிய கட்டத்தில் தனித்து நிற்கிறது. வாசிப்பில் சிக்கல் தோன்றுவது இரண்டு கட்டங்கள் சந்திக்கும் இடத்தில்.

அந்தச் சந்திப்பைத் தமிழ் இலக்கணம் மிக முன்னதாகவே தனிப் பொருளாக எடுத்துக்கொண்டது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் முதல் இயலாகிய நூன்மரபு எந்த மெய்க்குப்பின் எந்த மெய் வரலாம் என்பதை வரையறுக்கிறது. நன்னூல் எழுத்தியலும் இதனை விரிக்கிறது. க், ச், த், ப் ஆகிய நான்கும் தம்மொடு தாமே மயங்கும். ர், ழ் இரண்டும் பிறவற்றோடு மட்டுமே மயங்கும். எஞ்சியவை இருவகையாலும் மயங்கும். உயர்கல்வியில் இவ்விதிகள் தேர்வுக்குரிய இலக்கணமாகக் கற்பிக்கப்படுகின்றன. தொடக்கக் கல்வியிலோ, இவை குழந்தை நாள்தோறும் கடக்க வேண்டிய பாதையின் வரைபடம். இரண்டுக்கும் இடையே உள்ள தொடர்பு ஆசிரியர் பயிற்சியில் போதிய கவனம் பெறவில்லை என்றே சொல்ல வேண்டும்.

தமிழ் எழுத்துமுறை இங்குக் குழந்தைக்கு ஓர் உதவியும் செய்கிறது. தேவநாகரி போன்ற எழுத்துமுறைகளில் இரண்டு மெய்கள் கூடினால் புதிய கூட்டுவடிவம் தோன்றும். குழந்தை அவ்வடிவங்களைத் தனியாகக் கற்க வேண்டும். கன்னடக் குழந்தைகளின் வாசிப்பை ஆராய்ந்து சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட கட்டுரை, எழுத்துத் தொகுதி முழுவதும் கைவரப் பல ஆண்டுகள் தேவைப்படுவதை எடுத்துக்காட்டியது. தமிழில் க்ஷ, ஸ்ரீ நீங்கலாகக் கூட்டுவடிவம் இல்லை. புள்ளி இட்டு அடுத்த எழுத்தை எழுதினால் போதும். கண்ணுக்கு எளிதாக இருப்பதாலேயே காதுக்கு உள்ள சிக்கல் மறைந்துபோகிறது என்பதுதான் இதில் உள்ள முரண்.

றகரத்தின் இரு முகம்

றகரத்தை வல்லினத்துள் வைத்தது ஏன் என்னும் கேள்வி, விடை தெரியாமலே பல வகுப்பறைகளில் கடந்து செல்லப்படுகிறது. க, ச, ட, த, ப ஆகிய ஐந்தும் காற்றை முழுதும் அடைத்து வெளிவிடும் ஒலிகள். இன்றைய பேச்சில் 'மறம்', 'அறை' ஆகிய சொற்களில் வரும் றகரம் அப்படிப்பட்டதன்று. அது நா உருளும் ஒலி. பலருடைய பேச்சில் ரகரத்திலிருந்து அதனைப் பிரித்தறிய முடிவதுமில்லை.

தொல்காப்பியப் பிறப்பியல் இதற்கு விடை தருகிறது. நுனிநா மேலே உயர்ந்து அண்ணத்தை ஒற்றுவதால் ற, ன பிறப்பதாகவும், வருடுவதால் ர, ழ பிறப்பதாகவும் அது வேறுபடுத்துகிறது. ஒற்றுதல் வேறு, வருடுதல் வேறு. திராவிட மொழியியலாரும் மூலத் திராவிடத்தில் பல்லின் அடிமேட்டில் பிறக்கும் தனித்த ஒரு வெடிப்பொலி இருந்ததாக நிறுவியுள்ளனர். பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 2003இல் வெளியிட்ட திராவிட மொழிகள் பற்றிய நூலில் இக்கருத்தைக் காணலாம். அந்த வெடிப்பொலியின் எழுத்தே றகரம். உயிர்களுக்கு இடையில் அது உருட்டொலியாக நெகிழ்ந்துவிட்டது. இரட்டித்த இடத்திலும், தன் இனமாகிய னகரத்தை அடுத்த இடத்திலும், ற்க, ற்ச, ற்ப ஆகியவற்றிலும் பழைய வன்மை ஓரளவு எஞ்சி நிற்கிறது.

யாழ்ப்பாணத் தமிழில் 'காற்று', 'வெற்றி' ஆகியவற்றின் ற்ற உருளாமல் ஒற்றொலியாகவே இன்றும் ஒலிக்கப்படுகிறது. ஈழத்தமிழர் கனடிய நகரின் பெயரை 'ரொறன்ரோ' என்று எழுதுவதன் பின்னணியிலும் இந்த ஒலிமரபே உள்ளது. மலையாளத்திலும் தனித்த றகரம் உருட்டொலி, இரட்டித்தால் ஒற்றொலி. தமிழகத்தின் பொதுவழக்கு ஒலிப்பில் ற்ற என்பது நுனிநா ஒற்றி விடுபடுகையில் சிறு உருட்டலோடு முடிகிறது. எவ்வகையிலும் அது 'ற்' என்பதன் ஒலியும் 'ற' என்பதன் ஒலியும் கூடிய கூட்டுத்தொகை அன்று. ன்ற என்பதும் அத்தகையதே: 'கன்று' என்னும்போது னகரத்துக்கும் உருட்டலுக்கும் இடையில் ஒலிப்புடைய ஒரு வெடிப்பொலி தோன்றுகிறது. எழுத்தில் அதற்குத் தனிக்குறி இல்லை. இரண்டு எழுத்தும் சேர்ந்தே அதனைக் குறிக்கின்றன.

ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப ஆகியவற்றிலும் வல்லெழுத்தின் ஒலி மாறத்தானே செய்கிறது என்று கேட்கலாம். மாறுகிறது. 'பக்கம்' என்பதன் ககரமும் 'பங்கு' என்பதன் ககரமும் ஒன்றல்ல. ஆயினும் அங்கு மாறுவது ஒலிப்பு மட்டுமே, பிறப்பிடம் மாறுவதில்லை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தையின் நா அம்மாற்றத்தைத் தானாகவே செய்துகொள்ளும். இந்தி, வங்காளம், ஒடியா பேசும் வீடுகளிலிருந்து தமிழ்வழிப் பள்ளிக்கு வரும் குழந்தைகளுக்கு இது தானாக நிகழாது. அம்மொழிகளின் எழுத்துமுறையில் ஒலிப்புடைய ககரத்துக்குத் தனி எழுத்து உண்டு. அவர்களுக்கு இவ்வைந்து இணைகளையும் வெளிப்படையாகக் கற்பிக்க வேண்டும். அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

எழுத்தின் பெயரும் அசைப் பிரிப்பும்

மெய்யெழுத்துகளை 'இக், இங், இச், இஞ்' என்று இகரம் முன்னிட்டுச் சொல்வது பள்ளி மரபு. மெய்யைத் தனித்து ஒலிக்க இயலாது என்பதால் இம்மரபு தவிர்க்க முடியாதது. 'பட்டு' என்னும் சொல்லில் ப, இட், டு என்று கூட்டும் குழந்தை இகரத்தை விட்டுவிட்டால் சொல் கிடைத்துவிடும். அம்மா, பந்து, கல்வி என எங்கும் இவ்வுத்தி பலிக்கிறது. பலித்துப் பழகிய உத்தியைத்தான் குழந்தை 'காற்று' என்பதற்கும் கொண்டுவருகிறது. இற் என்பதை அது உருட்டொலியாகவே கற்றிருப்பதால் 'கார்ரு' என்பதைத் தவிர வேறு விடை அதற்குக் கிடைக்க வழியில்லை.

எழுத்துக்கூட்டலுக்கு மாற்றாக அசைபிரித்து வாசிக்கும் முறையும் உண்டு. யாப்பிலக்கணப்படி ஒற்று முன்னெழுத்தைச் சார்ந்து ஓரசையாகும். அதன்படி அம்–மா, பட்–டு, கல்–வி என்று பிரிப்பர். வாசிப்புக்கு இது மிக நல்ல முறை. ஆனால் காற்–று, கன்–று என்று பிரிக்கும்போது வெட்டு ஒலியின் நடுவிலேயே விழுகிறது. பிரிக்கக் கூடாத இடத்தில் பிரித்துவிட்டு, பின்னர்ச் சேர்க்கச் சொன்னால் குழந்தை சேர்க்க முடியாது. ஆகவே இவ்விரண்டு இணைகளுக்கு மட்டும் கா–ற்று, க–ன்று என்று பிரிப்பதே பொருந்தும். இலக்கணப்படி இது பிழையான பிரிப்பு என்னும் மறுப்பு எழக்கூடும். யாப்பு அளப்பது ஒலியின் கால அளவை. வாசிப்பு தேடுவது எழுத்துக்குரிய ஒலியை. இரண்டும் வெவ்வேறு பணிகள். அசை பிரிக்கும் பாடம் வரும் வகுப்பில் முறையான பிரிப்பைக் கற்பிக்க எத்தடையும் இல்லை.

இதற்கேற்ப, ற வரிசைக்கு அருகிலேயே ற்ற, ற்றா, ற்றி, ற்று, ற்றை என ஒரு வரிசையும் ன்ற, ன்றா, ன்றி, ன்று, ன்றை என மற்றொரு வரிசையும் அட்டைகளில் இடம்பெறலாம். ஒவ்வோர் அட்டையும் ஓரொலிக்குரிய ஒரே வடிவம். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தால் றா, றொ, றோ ஆகியவை பொதுமுறைக்கு வந்துவிட்டமையால் இவ்வரிசைகளில் வடிவச் சிக்கலும் இல்லை.

காற்றும் காத்தும்

ஒலிச்சிக்கலின்மேல் வழக்குச்சிக்கல் ஒன்று ஏறி அமர்கிறது. தமிழின் இரட்டை வழக்கைப் பற்றிப் பிரான்சிஸ் பிரிட்டோ 1986இல் நூலே எழுதியுள்ளார். எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் உள்ள தொலைவு எல்லாச் சொற்களிலும் சமமாக இல்லை. ற்ற, ன்ற வரும் சொற்களில் அது பெரிது. காற்று – காத்து, நேற்று – நேத்து, வெற்றிலை – வெத்தில, சுற்று – சுத்து என ற்ற பேச்சில் த்த ஆகிறது. ஒன்று – ஒண்ணு, மூன்று – மூணு, பன்றி – பன்னி எனும் சொற்களில் ன்ற மூக்கொலியாகிறது. வேறு சொற்களில் இந்த மாற்றம் பொருளையே மாற்றிவிடும். முற்றம் 'முத்தம்' ஆகவும், சுற்றம் 'சுத்தம்' ஆகவும், பற்று 'பத்து' ஆகவும் ஆனால் நேரும் குழப்பம் வகுப்பறையில் சிரிப்புக்குரியதாகிவிடும்; சிரிக்கப்பட்ட குழந்தை அடுத்த முறை வாய் திறக்கத் தயங்கும்.

ஆனால் 'காற்று' என்பதைப் பார்த்துக் 'காத்து' என்று வாசித்த குழந்தையைப் பற்றிச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அக்குழந்தை எழுத்தைக் கண்டது, சொல்லை அடைந்தது, பொருளை உணர்ந்தது, தன் வீட்டு ஒலிப்பில் அதனை வெளியிட்டது. 'கார்ரு' என்று வாசித்த குழந்தை எழுத்தை மட்டும் கண்டது. 'காறு' என்று வாசித்த குழந்தை புள்ளி எழுத்தைக் கடந்துவிட்டது. மூவரும் வாசித்தது 'காற்று' அன்று என்பதால் மூவருக்கும் ஒரே குறி இடப்படுமானால், வாசிக்கத் தெரிந்த ஒரு குழந்தை மெல்லக் கற்போர் பட்டியலில் சேர்ந்துவிடும். அப்பட்டியலில் சேர்வது எளிது. வெளிவருவது அவ்வளவு எளிதன்று. வீட்டில் நூல்வழக்குத் தமிழ் காதில் விழும் வாய்ப்புக் குறைந்த குழந்தைகளே இவ்வாறு சேர்க்கப்படும் அபாயம் மிகுதி என்பதையும் கருத வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது

பேச்சிலும் நூல்வழக்கு ஒலிப்போடே வழங்கும் ற்ற, ன்ற சொற்கள் சில உள்ளன. நன்றி, வெற்றி, மன்றம், தென்றல் ஆகியவை அத்தகையன. நன்றியை எவரும் 'நன்னி' என்பதில்லை. தேர்தல் காலத்தில் தெருவெங்கும் கேட்கும் சொல் 'வெற்றி'. குழந்தையின் காதில் ஏற்கெனவே இவ்வொலி இருக்கிறது. ஆகவே ன்றி அட்டைக்கு நன்றியும், ற்றி அட்டைக்கு வெற்றியும் முதற்சொற்களாக அமையலாம். ஒலி உறுதிப்பட்டபின் வீட்டு வழக்கு மாறுபடும் சொற்களுக்குச் செல்லலாம். இன்று பொதுவாக முன்வைக்கப்படும் காற்று, பன்றி, கன்று போன்ற சொற்கள் படம் வரைய எளியன என்பதால் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. படத்தைப் பார்த்தவுடன் குழந்தையின் வாயில் வருவது பன்னி. அட்டையில் இருப்பது பன்றி. முதல் அறிமுகத்திலேயே கண்ணும் காதும் மோதிக்கொள்கின்றன.

இரண்டாம் நிலையில் அந்த மோதலையே பாடமாக்கலாம். வீட்டில் 'காத்து', 'நேத்து', 'சுத்து'; புத்தகத்தில் காற்று, நேற்று, சுற்று எனச் சொற்களை இணையிணையாக அடுக்கினால், குழந்தைகளே ஒழுங்கைக் கண்டுபிடித்துவிடுவர். அடுத்து 'ஊத்து' என்பதைச் சொன்னால் 'ஊற்று' என்று தாமே எழுத முயல்வர். சிலர் 'பாத்து' என்பதைப் 'பாற்று' என்று எழுதவும் கூடும். 'பார்த்து' என்பதும் பேச்சில் த்த ஆவதால் நேரும் பிழை அது. விதியை மிகைப்படுத்தும் அப்பிழை, விதி உள்ளத்தில் பதிந்ததற்குச் சான்று.

இதே நோக்கில் பார்க்கத்தக்கது 'முயற்ச்சி', 'பயிற்ச்சி' என்று எழுதும் பிழை. பெரியவர்களிடமும், சுவரொட்டிகளிலும் காணப்படுவது இது. ட், ற் ஆகியவற்றின்பின் இன்னோர் ஒற்று வராது என்று விதி கூறித் திருத்துவதோடு ஆசிரியர் நின்றுவிடுகிறார். அப்பிழைக்குள் ஒரு தருக்கம் உண்டு. 'பசி' என்பதில் சகரம் மென்மையாக ஒலிக்கிறது. 'பச்சை' என்பதில் அழுத்தமாக ஒலிக்கிறது. முயற்சியில் கேட்பது பச்சையின் ஒலி. ஆகவே எழுதுபவர் 'ச்' சேர்க்கிறார். றகர ஒற்றே சகரத்தை அழுத்தமாக்கும் வேலையைச் செய்துவிடுகிறது, இன்னொரு ஒற்று தேவையில்லை என்று காரணத்தை விளக்கினால் திருத்தம் நிலைக்கும். வாழ்க்கை, காய்ச்சல், பார்ப்பவர் என ய், ர், ழ் ஆகியவற்றின்பின் மட்டுமே ஈரொற்று வரும் என்பதையும் அருகில் வைத்துக் காட்டலாம்.

ஆய்த இணை

ஃப என்பது தமிழ் அண்மைக்காலத்தில் தானே ஆக்கிக்கொண்ட ஈரெழுத்து ஓரொலி. எஃகு, அஃது ஆகியவற்றில் ஆய்தத்துக்குத் தன் ஒலி உண்டு. ஃபேன் என்பதில் அது தன்னொலியை இழந்து, பகரத்தின் ஒலியை மாற்றும் குறியாக மட்டுமே நிற்கிறது. குறிலை அடுத்து, சொல்லின் இடையில் மட்டுமே ஆய்தம் வரும் என்னும் மரபுக்கும் இது புறம்பானது. 'அக்கன்னா' என்று ஆய்தத்தைக் கற்ற குழந்தை இதனை எழுத்துக்கூட்டினால் விளைவு வேடிக்கையாகவே இருக்கும். இவ்விணையை முதல் இரண்டு வகுப்புகளில் தவிர்ப்பதே நல்லது. தேவைப்படும்போது முழு வடிவமாகக் காட்டிச் செல்லலாம்.

மதிப்பீடு

தமிழக அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளின் அடிப்படைத் திறனை இலக்காகக் கொண்டது. அரும்பு, மொட்டு, மலர் எனக் குழந்தைகள் நிலைவாரியாகக் கற்கின்றனர். நாடளவில் 2005 முதல் நடத்தப்பெறும் அசர் ஆய்வு எழுத்து, சொல், பத்தி, கதை என்னும் படிகளில் வாசிப்பை அளக்கிறது. இத்தகைய மதிப்பீடுகளில் வாய்விட்டு வாசிப்பதே அளவுகோல். எனவே ற்ற, ன்ற வரும் சொற்களில் எவ்வொலிப்பை வாசிப்பாக ஏற்பது என்பதை மதிப்பீட்டாளருக்கு முன்கூட்டியே எழுத்தில் தருவது இன்றியமையாதது. அவ்வறிவுறுத்தல் இல்லாதவிடத்து ஒருவர் காத்தை ஏற்பார், மற்றொருவர் மறுப்பார்.

இங்கிலாந்தில் 2012 முதல் முதலாண்டு மாணவர்க்கு நடத்தப்பெறும் ஒலிப்பறித் தேர்வில் 40 சொற்கள் உள்ளன. அவற்றுள் பாதி பொருளற்ற ஆக்கச்சொற்கள். நினைவிலிருந்து சொல்லாமல் எழுத்திலிருந்து வாசிக்கிறார்களா என்பதை அறியவே அவ்வேற்பாடு. தமிழுக்கும் இவ்வுத்தி பயன்படும். 'மோற்று', 'கென்றி' போன்ற பொருளற்ற வடிவங்களைக் கொடுத்தால், இணையின் ஒலி கைவந்ததா என்பது வெளிப்படும். 'மோர்ரு' என்பவருக்கு அட்டைப் பயிற்சி தேவை. 'மோறு' என்பவருக்குப் புள்ளியைக் கவனிக்கும் பயிற்சி தேவை. இதையும் 'மோத்து' என்று வாசிக்கும் குழந்தை, ற்ற வடிவத்துக்கும் தன் பேச்சின் தகரத்துக்கும் உள்ள உறவை முழுமையாகக் கற்றிருக்கிறது. அதற்குத் தேவைப்படுவது நூல்வழக்கு ஒலிப்பைக் கேட்கும் வாய்ப்பு. ஆசிரியர் நாள்தோறும் ஒரு கதையை உரக்க வாசித்துக் காட்டுவதால் அது கிடைத்துவிடும்.